பெந்தோங் காட்டில் விட்ட கொசுவும் வீட்டில் இருக்கும் இன்சுலினும்: மரபணு மாற்றம் பற்றி அறிவோம்

விதையில்லாத கொய்யா மரபணு மாற்றியது, வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று புலனத்தில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வருகிறது. அதைப் பகிரும் குடும்பங்களில் எத்தனையோ வீட்டுக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் இன்சுலின் பேனா இருக்கும். உண்மை என்னவென்றால், விதையில்லாத கொய்யாவில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. இன்சுலினைத் தயாரிப்பதில்தான் அது இருக்கிறது.

ஆக, இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி அல்ல. நம் மருந்திலும் கோழித் தீவனத்திலும் சோயாவிலும் நுழைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2010-ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தில் கொசு வடிவத்திலும் வந்து போனது. நன்மை எது, ஆபத்து எது, சட்டம் நமக்கு என்ன உரிமை தருகிறது என்பதை ஓரளவாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டு மரம் மரபணு மாற்றமா?

இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரப்பர் மரம், ஜிர் 1, பி.பி. 86 என்ற இரண்டு ரகங்களின் மகரந்தத்தைச் சேர்த்துப் பிறந்தது. நன்றாகப் பால் தந்த அந்த ஒரு மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்டுக் கட்டினார்கள். செம்பனையும் அப்படித்தான். தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் சேர்த்தால் மெல்லிய ஓடும் நிறைய சதையும் உள்ள தெனெரா கிடைக்கிறது. இன்று தோட்டங்களில் குலை தள்ளி நிற்பது அதுதான். இவை எல்லாம் ஒரே இனத்துக்குள் நடக்கும் கல்யாணம்.

மரபணு மாற்றம் வேறு. ஓர் உயிரின் செல்லில் உள்ள மரபணு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்து, எந்த உறவும் இல்லாத இன்னோர் உயிருக்குள் வைப்பது அது. 1973-இல் கோஹன், போயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை நுண்கிருமியில் செய்து காட்டினார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ரப்பர் மரத்துக்குள் வேற்று மரபணுவை வைத்து, பாலிலேயே மனித மருத்துவத்துக்குப் பயன்படும் புரதத்தை வரவழைக்கும் ஆராய்ச்சியை 1990-களிலிருந்து செய்தவர்களில் பி. ஆரோக்கியராஜ் என்ற விஞ்ஞானி முக்கியமானவர். மனித ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதம் ரப்பர் மரத்தில் உருவானதை அவரும் உடன் உழைத்தவர்களும் 2002-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பால் வாளியில் மருந்து சேரும் என்ற அந்தக் கனவு இன்னும் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. இந்த நாட்டில் மரபணு மாற்றிய பயிர் எதுவும் வணிக அளவில் பயிரிடப்படுவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மரபணு மாற்றாதது என்பதால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. நல்ல செம்பனை மரத்தின் திசுவை வளர்த்துக் கன்றுகளாக்கும் முறை வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1980-களில் அந்த மரங்களில் சில, மேலங்கி போர்த்தியது போன்ற விகாரமான காய்களைக் காய்த்தன. எண்ணெய் இல்லை. கன்று நட்டு மூன்று ஆண்டு கழித்துக் காய்க்கும்போதுதான் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கான காரணத்தை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல்தான் கண்டுபிடித்தார்கள். புதிய முறை எதுவானாலும் அதன் கோளாறு தாமதமாக வெளிப்படலாம்.

இன்சுலின் வந்த கதை

முன்பெல்லாம் இன்சுலினைப் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும்தான் எடுத்தார்கள். ஒரு பவுண்டு இன்சுலினுக்கு ஏறக்குறைய 8,000 பவுண்டு கணையம் தேவைப்பட்டது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் ஊசி போட்ட இடம் தடித்து அரிக்கும். மாட்டிறைச்சி தொடாத நம்மவருக்கும் பன்றியைத் தொடாத முஸ்லிம் அன்பர்களுக்கும் அது மனச்சங்கடமான மருந்து. வேறு வழி இல்லாததால் போட்டுக்கொண்டார்கள்.

1978-இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ கோலை என்ற நுண்கிருமிக்குள் வைத்து, அந்தக் கிருமியையே இன்சுலின் சுரக்க வைத்தார்கள். 1982-இல் அந்த நாட்டு மருந்து அதிகாரிகள் அதற்கு அனுமதி தந்தார்கள். மரபணு மாற்றத்தால் பிறந்து மனிதருக்கு வந்த முதல் மருந்து அதுதான். இப்போது ஜோகூர் இஸ்கந்தர் புத்ரியில் பெங்களூரைச் சேர்ந்த பயோகான் நிறுவனத்தின் தொழிற்சாலை இன்சுலின் தயாரிக்கிறது. அந்த நிறுவனம் கிருமிக்குப் பதிலாக ஒருவகை ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறது. ஊசியில் இருப்பது கிருமியோ ஈஸ்ட்டோ அல்ல. அவை உண்டாக்கிய இன்சுலினைப் பிரித்துச் சுத்தம் செய்து தருகிறார்கள்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்கே அதிகம். இந்தத் தொழில்நுட்பத்தால் நாட்டில் யாருக்காவது நேரடிப் பலன் என்றால் அந்த வரிசையில் நம்மவர் முன்னால் நிற்கிறோம். ‘மரபணு மாற்றியது’ என்று யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்து இன்சுலினை நிறுத்துவது கண்ணையும் சிறுநீரகத்தையும் பறிகொடுக்கும் வேலை. கிளினிக்கில் டாக்டரிடம் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது.

குழந்தை பிறந்ததும் போடும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியும் இப்படி ஈஸ்ட்டில் உருவானதுதான். மலேசியாவில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடப்படுகிறது.

சமையலறைக்குள் வந்தது

மருந்தில் நன்மை கண்ணெதிரே தெரிகிறது. உணவில் கணக்கு அவ்வளவு சுலபமில்லை.

அமெரிக்காவில் விளையும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றியது. நாம் சோயாவை இறக்குமதிதான் செய்கிறோம். மாற்றம் செய்யாத ரகமும் உணவுக்கென்று தனியாக இறக்குமதியாகிறது. ஆகவே பாசாரில் வாங்கும் தவ்ஃபூவும் தெம்பேயும் எந்த ரகத்தில் செய்தது என்பது பார்த்தால் தெரியாது. கோழித் தீவனத்துக்கு வரும் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் பெரும்பாலும் மாற்றிய ரகமே விளையும் நாடுகளிலிருந்து வருகின்றன.

சாப்பிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து 2016-இல் பெரிய அறிக்கை வெளியிட்டன. விற்பனையில் இருக்கும் மரபணு மாற்றிய உணவு, சாதாரண உணவைவிட மனித உடலுக்குக் கூடுதல் தீங்கு செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. இந்தப் பயிர்கள் வந்த பிறகு நாட்டு அளவில் விளைச்சல் முன்பைவிட வேகமாகக் கூடியதாகவும் தெரியவில்லை. உலகப் பசியைத் தீர்க்கும் என்று விற்பனையாளர்கள் சொன்ன பேச்சை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், என் பார்வையில் அது தட்டில் இருப்பதைவிட வயலில்தான் அதிகம். 1996-இல் விற்பனைக்கு வந்த மாற்றிய சோயாவின் சிறப்பு என்ன? கிளைஃபோசெட் களைக்கொல்லியை வயல் முழுக்க அடித்தாலும் அந்தச் செடி சாகாது. களை மட்டும் சாகும். அதனால் மருந்து தாராளமாக அடிக்கப்பட்டது. அப்புறம் களையும் சாகாமல் நிற்கப் பழகிக்கொண்டது.

தோட்டத்தில் மருந்துத் தோம்பு முதுகில் சுமந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரபணு மாற்றிய பயிரே இல்லாத நம் நாட்டில், பேராக் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில், திரும்பத் திரும்ப அடித்ததால் கிளைஃபோசெட்டுக்கு அசையாத ‘ரும்புட் சம்பாவ்’ புல் 1997-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் கிளைஃபோசெட்டை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது’ என்ற பிரிவில் வைத்தது. மற்றச் சில நாடுகளின் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. சர்ச்சை இன்னும் முடியவில்லை. ஆக மாற்றிய விதையைப் பற்றிப் பேசும்போது அதோடு சேர்ந்து வரும் மருந்தையும், அதை அடிக்கும் கையையும் சேர்த்தே பேச வேண்டும்.

லேபிளில் என்ன பார்ப்பது?

1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளில் 2010-இல் திருத்தம் வந்தது. மரபணு மாற்றிய பொருள் உணவில் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும். மலாயில் ‘டியூபா சுவாய் செச்சாரா கெனெத்திக்’ என்ற சொற்களைத் தேடுங்கள். மரபணு விலங்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் எந்த விலங்கு என்பதையும் சொல்ல வேண்டும். சைவம் காப்பவர்களுக்கு இது முக்கியமான விதி.

ஓட்டைகளும் உண்டு. தவிர்க்க முடியாமல் கலந்தது மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் எழுதத் தேவையில்லை. மரபணுவோ புரதமோ மிஞ்சாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய், சர்க்கரை போன்றவற்றுக்கும் விலக்கு. மாற்றிய தீவனம் தின்ற கோழிக்கும் லேபிள் கிடையாது. பொட்டலமே இல்லாமல் விற்கும் தவ்ஃபூவில் எதை வாசிப்பது?

பெந்தோங்கில் நடந்தது

2010-இல் மலேசியாவில் 46,000 பேருக்கு மேல் டிங்கிக் காய்ச்சல் கண்டது. 134 பேர் இறந்தார்கள். புகை அடித்தும் ஏடிஸ் அடங்கவில்லை. அந்த நிலையில்தான் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகம், ஆக்சிடெக் என்ற பிரிட்டன் நிறுவனத்தின் கொசுவைச் சோதிக்க முன்வந்தது.

யோசனை இதுதான். ஆண் கொசு கடிப்பதில்லை. மரபணு மாற்றிய ஆண் கொசுக்களை வெளியே விட்டால் அவை காட்டிலுள்ள பெண் கொசுக்களோடு சேரும். பிறக்கும் புழுக்கள் வளராமல் செத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மட்டும் டெட்ராசைக்ளின் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து அவற்றை உயிரோடு வளர்க்கலாம். மறுபடி விடாவிட்டால் அந்த மரபணு தானே அழிந்துபோக வேண்டும்.

நாளிதழ் அறிவிப்பு வழி பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது. 2010 அக்டோபரில் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம் நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. பகாங் பெந்தோங்கும் மலாக்கா அலோர் காஜாவும் இடங்களாகச் சொல்லப்பட்டன. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் வேறு பல அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. டிசம்பர் 21-ஆம் தேதி, பெந்தோங்கில் ஆள் குடியிருப்பு இல்லாத காட்டுப் பகுதியில், சுமார் 6,000 மாற்றிய ஆண் கொசுக்கள் விடப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் சாதாரண ஆண் கொசுக்களும் விடப்பட்டன. ஜனவரி 5-ஆம் தேதி சோதனை முடிந்தது. பொதுமக்களுக்கு அந்தச் செய்தி எட்டியது ஜனவரி மாதக் கடைசியில்.

அறிவியலைப் பொறுத்தவரை சோதனை ஒழுங்காகவே முடிந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி இரண்டு வகைக் கொசுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு நாள்தான் உயிரோடு இருந்தன. மாற்றிய கொசு சராசரி 52 மீட்டர் பறந்தது, சாதாரணக் கொசு 100 மீட்டர். ஆனால் பக்கத்துக் கம்போங்கில் இருந்தவர் கேட்ட கேள்விக்கு இந்த எண்கள் பதில் ஆகாது. விட்டுவிட்டு ஏன் சொன்னீர்கள், விடுவதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்பது அவர் கேள்வி. குடியிருப்புப் பகுதியில் விட வேண்டுமானால் அங்குள்ளவர்களின் இசைவைப் பெற வேண்டும் என்று வாரியம் நிபந்தனை போட்டிருந்தது. ஆளில்லாத காட்டுக்கு அது பொருந்தாது என்று காகிதத்தில் வாதிடலாம். நம்பிக்கை காகிதத்தில் வருவதில்லை. குடியிருப்புச் சோதனை நடக்காமலே போனது.

சந்தேகங்களும் வெறும் பயம் அல்ல. மருந்து இல்லாமலே நூற்றில் மூன்று நான்கு புழுக்கள் பிழைத்துக் கொசுவாகும் என்பது ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்த விஷயம். டெட்ராசைக்ளின் கோழிப் பண்ணைகளில் பயன்படும் மருந்தும்கூட. அதன் கழிவு கலந்த தண்ணீரில் என்ன ஆகும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது நியாயம். பிரேசில் நாட்டு ஜகோபினா நகரில் இதே கொசுவை 2013 முதல் 2015 வரை வாரத்துக்கு லட்சக்கணக்கில் விட்டார்கள். அந்த ஆய்வுக்கூட வம்சத்தின் மரபுக்கூறுகள் உள்ளூர்க் கொசுக்களில் கலந்திருப்பதாக 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால் தீங்கு நேர்ந்ததாக அது நிரூபிக்கவில்லை. அதில் சொல்லப்பட்ட சில விளக்கங்கள் பற்றி அதை வெளியிட்ட ஆய்விதழே பிறகு ஐயம் தெரிவித்தது. இருந்தாலும் ‘தானே அழிந்துவிடும்’ என்ற வாக்கு முழுசாகப் பலிக்கவில்லை.

பூச்சியைக் கொண்டுவந்து விடுவது தோட்டத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981-க்கு முன் செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். அந்த வேலை செய்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டு வரவழைக்கப்பட்டு, மற்றப் பயிர்களைக் கெடுக்குமா என்று பார்த்த பிறகு ஜோகூர் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை போயிற்று. குலை நிறையக் காய் பிடித்தது. அந்த வண்டு மரபணு மாற்றியதல்ல. ஆனால் அதைத் திரும்பப் பிடித்துக் கூண்டில் அடைக்க இன்று யாராலும் முடியாது. முன்கூட்டியே சோதித்ததும் நம் நல்ல நேரமும் சேர்ந்து காப்பாற்றின.

டிங்கி நிற்கவில்லை. 2019-இல் 130,000 பேருக்கு மேல் கண்டது, 182 பேர் இறந்தார்கள். இப்போது மலேசியா பயன்படுத்துவது வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் புகுத்திய கொசு. பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர் இது. கொசுவின் மரபணு மாற்றப்படுவதில்லை. சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் குடியிருப்பாளர்களிடம் விளக்கி, இசைவு பெற்று விட்ட இடங்களில் டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் ஆய்வு வெளிவந்தது. இதில் கடிக்கும் பெண் கொசுவையும் விட வேண்டியிருந்தது. அப்படியும் மக்கள் ஒத்துழைத்தார்கள். சிங்கப்பூர் 2016 முதல் ஆண் கொசுவை மட்டும் விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கார்டஹேனா நெறிமுறை என்ற அனைத்துலக ஒப்பந்தம் 2003-இல் நடப்புக்கு வந்தது. உயிருள்ள மரபணு மாற்றிய பொருள் எல்லை தாண்டும்போது இறக்குமதி செய்யும் நாட்டைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அறிவியல் உறுதியாகத் தெரியாத நிலையிலும் ஒரு நாடு தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதற்கு 2010-இல் வந்த துணை ஒப்பந்தத்தின் பெயரிலேயே நம் தலைநகர் இருக்கிறது: நகோயா–கோலாலம்பூர் துணை நெறிமுறை.

நம் நாட்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007, சட்ட எண் 678, 2009 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. வாரியத்தின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட உயிரைச் சுற்றுப்புறத்தில் விட்டாலோ இறக்குமதி செய்தாலோ தனிநபருக்கு 250,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் வரை. விண்ணப்பிப்பவர் ஆபத்து மதிப்பீட்டையும், தவறு நேர்ந்தால் என்ன செய்வார் என்ற அவசரத் திட்டத்தையும் சேர்த்துத் தர வேண்டும். புதிய தகவல் வந்தால் தந்த அனுமதியை வாரியம் ரத்து செய்யலாம்.

சட்டம் மோசமில்லை. ஆனால் அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையத்தளத்தில் இருக்கும், தொழில்நுட்பச் சொற்களோடு. தோட்டப் பாட்டாளியின் கண்ணில் அது படுவது அரிது. கருத்துத் தெரிவிக்கும் காலம் முடிந்த பிறகுதான் நம் காதுக்குச் செய்தி வருகிறது. கிராமத் தலைவர்கள், பொது இயக்கங்கள், கோயில் நிர்வாகங்கள் உயிரியல் பாதுகாப்புத் துறையின் இணையத்தளத்தை அவ்வப்போது பார்த்துத் தமிழில் எடுத்துச் சொன்னால் பெரிய உதவி.

அடுத்து வருவது

இப்போது மரபணுவை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்காமல், இருப்பதையே வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறை வந்துவிட்டது. தலசீமியா நோயாளிகள் மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் வேதனையை அறிந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களின் எலும்பு மஜ்ஜை செல்லை எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது, அடுத்து அமெரிக்கா. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அந்த விலையில் அரசாங்க மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு அது இல்லாத மருந்துதான்.

இந்தச் சிகிச்சை நோயாளியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. கருவையே திருத்தினால் அது வம்சம் முழுக்கப் போகும். சீனாவில் ஹெ ஜியன்குய் என்ற விஞ்ஞானி அப்படித் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக 2018-இல் அறிவித்தார். உலகமே கண்டித்தது. மறு ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை. அந்தக் குழந்தைகள் இப்போது பள்ளி போகும் வயதில் இருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.